மேல் ஆறு பிட்டுகள்

அந்த மெயிலில் பதினோரு வரி மாற்றம்தான் இருந்தது. ஆனால் அனுராதா இரண்டு வருஷத்துக்கு முன் எழுதியது தப்பு என்று அந்தப் பதினோரு வரியும் சொல்லின.

2004 அக்டோபர். அவள் கணவன் கோகுல்நாத், கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில் அரசு கால்நடை மருத்துவர். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு அவனோடு மலைக்கு வந்தபோது அனுராதா விடாமல் கொண்டுவந்தது ஒரே ஒரு காரியத்தை. பல நாடுகளில் இருப்பவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதிவந்த ஓர் எமுலேட்டர் அது. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் நடிக்கும் மென்பொருள். அதற்குள் இருந்த பொய் நெட்வொர்க் கார்டு அவள் பொறுப்பு. அந்தப் பகுதியில் யார் எதை மாற்றினாலும் அவள் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் சேரும்.

நிஜக் கார்டு, கம்பியில் போகும் எல்லாவற்றையும் வாங்குவதில்லை. தன் முகவரிக்கு வந்ததை வாங்கும். எல்லாருக்கும் பொதுவாக வந்ததை வாங்கும். ஒரு குழுவுக்கு வந்ததென்றால் மட்டும் அந்த முகவரியை வைத்து ஒரு கணக்குப் போடும். விடை முப்பத்திரண்டு பிட் நீளம், அதாவது வரிசையாக முப்பத்திரண்டு பூஜ்யமோ ஒன்றோ. அதில் ஆறு பிட்டை எடுத்தால் அறுபத்துநாலு கட்டங்களில் ஒன்று கிடைக்கும். கம்ப்யூட்டர் அந்தக் கட்டத்தை முன்பே திறந்துவைத்திருந்தால் வாங்கும், இல்லையென்றால் தள்ளிவிடும். பொய்க் கார்டும் அப்படியே செய்ய வேண்டும். அனுராதா எடுத்தது விடையின் கீழ் ஆறு பிட், அதாவது கடைசி ஆறு. மெயில் அனுப்பிய ஸ்டெல்லா, மேலே உள்ள முதல் ஆறைத்தான் எடுக்க வேண்டும் என்றாள்.

ஸ்டெல்லா சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். அவளுடைய லேபில் பன்னிரண்டு மிஷின்களில் இந்த எமுலேட்டர் ஓடியது. குழுவுக்கு அனுப்பும் செய்தி சில மிஷினுக்குப் போகிறது, சிலதுக்குப் போவதில்லை என்று எழுதியிருந்தாள்.

அனுராதாவுக்குச் சுருக்கென்றது. 'என் சோதனைகள் எல்லாம் தேறுகின்றன. நிஜக் கார்டில் காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்' என்று இரண்டே வரியில் பதில் போட்டாள். மறுநாள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு வரி வந்தது: 'சரிங்க, கொண்டு வாரேன்.' சோதனை முடிவைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அனுராதா அதை மறந்துபோனாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. முப்பது வயதிருக்கும் ஒரு பெண், முகமெல்லாம் வெளுத்து, கையில் பாதி கசங்கிய எலுமிச்சம்பழத்தோடு நின்றிருந்தாள்.

"அனுராதா மேடம் ஊடு இதுதானுங்களா? நான் ஸ்டெல்லா. காரவள்ளி அடிவாரம் தாண்டுனதுல இருந்து மூணு தடவ வாந்தி. கொஞ்சம் தண்ணி குடுங்க, அப்புறம் பேசறேன்."

அனுராதா அவளை உள்ளே அழைத்தாள். தண்ணீர் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்த பிறகுதான், "வீடு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"கார்டு தர்றவங்க தபால்ல அனுப்பலாம்னு எமுலேட்டர் வெப் பக்கத்துல நீங்களே விலாசம் போட்டிருக்கீங்களே. தபால்ல போட்டு ஒடைஞ்சு போச்சுன்னா? இருக்கறது இது ஒண்ணுதான்." ஸ்டெல்லா பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே, செய்தித்தாள் சுற்றிய பழைய நெட்வொர்க் கார்டு.

இந்த ஒரு கார்டுக்காக எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறாள். தன் இரண்டு வரிப் பதிலை நினைக்க அனுராதாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தான் எழுதியதுதான் சரி என்ற நினைப்பு முழுக்கப் போய்விடவில்லை.

மேஜைக் கம்ப்யூட்டரைத் திறந்து கார்டைச் செருகினார்கள். பெங்களூரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பைக் கேபிளால் அதோடு இணைத்தார்கள். இருபது குழு முகவரிகள். ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்லும் கட்டத்தை மட்டும் திறந்துவைத்து, லேப்டாப்பிலிருந்து ஒரு செய்தி அனுப்ப வேண்டும். கார்டு வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். "மொதல்ல உங்க கணக்குங்க" என்றாள் ஸ்டெல்லா.

இருபதில் ஒன்றைக்கூடக் கார்டு வாங்கவில்லை.

"இப்ப உங்களுது" என்றாள் அனுராதா. குரல் சற்று இறங்கியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று திரையில் ஏறியது. இருபதும் வந்து சேர்ந்தன.

அனுராதா எழுந்து சன்னல் வரை போய்த் திரும்பி வந்தாள். தன் சோதனை நிரலைத் திறந்தாள். கார்டுக்கு எழுதிய அதே கணக்கைத்தான் சோதனையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தப்பான விடையைத் தப்பான விடையோடு ஒப்பிட்டு, இரண்டு வருஷமாகச் சரி சரி என்று சொல்லிவந்திருக்கிறது.

"எனக்கு என்கிட்டயே சாட்சி கேட்டிருக்கேன்" என்றாள். பிறகு சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் வந்தது. "ஸ்டெல்லா, இதே மாதிரி மூணு பேர் எனக்கு எழுதியிருக்காங்க. மூணு பேருக்கும் உங்க செட்டிங்தான் தப்புன்னு பதில் போட்டிருக்கேன்."

"அவங்க யாரும் பஸ் ஏறி வரல பாருங்க" என்றாள் ஸ்டெல்லா. இப்போது அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

மாற்றத்தைச் சேர்க்கப் போகும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மழைக்காலத்தில் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கோகுல்நாத் விஷயத்தைக் கேட்டு, "அப்ப சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்று சாமைச்சோறும் அவரைக்காய்க் குழம்பும் எடுத்துவைத்தான். ஸ்டெல்லா தன் கடைசி வடிவத்தைக் காகிதத்தில் அச்செடுத்து வந்திருந்தாள். அனுராதா ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, மறு கையில் அதைப் பிடித்து வரி வரியாகப் படித்தாள். ஐந்தாவது வரியில் கை நின்றது.

"இங்க பாருங்க. குழுவான்னு மொதல்ல கேக்கறீங்க, எல்லாருக்கும் வந்ததான்னு அப்புறம் கேக்கறீங்க."

"ஆமாங்க. நேத்து சாயங்காலம் பாக்க நல்லா இருக்கட்டும்னு வரிய மாத்தி வெச்சேன்."

"எல்லாருக்கும் வர்ற முகவரியிலயும் குழுவோட அடையாள பிட் இருக்குமே. அது கட்டத்துக்குப் போயிரும். கட்டம் மூடியிருந்தா எல்லாருக்கும் வந்ததையும் தள்ளிவிட்ரும். ஒரு மிஷின் இன்னொண்ணத் தேடவே முடியாது."

ஸ்டெல்லா காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். "நல்லவேளைங்க. இத லேப்ல போட்டிருந்தா திங்கக்கிழமை பன்னெண்டும் ஊமையாயிருக்கும்." கோகுல்நாத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "தப்புக் கண்டுபிடிச்சதுக்கு இவ்வளவு சந்தோஷமா சிரிக்கறவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்றான்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. வரிகளைத் திரும்ப இடம் மாற்றினார்கள். சோதனைக்குள் இருந்த கணக்கை அனுராதா தூக்கிவிட்டு, நிஜக் கார்டு காட்டிய இருபது விடைகளையும் எழுதிவைத்தாள். ஸ்டெல்லா பெயரில் மாற்றம் சேர்ந்தது. அதன் கீழே, 'முன்பு இருந்த தப்பு என்னுடையது' என்று அனுராதா தானே ஒரு வரி போட்டாள். மோடம் கீச்சிட்டு, இரண்டு தடவை அறுந்து, மூன்றாவது தடவை எல்லாம் போய்ச் சேர்ந்தது. பிறகு அந்த மூன்று பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். நாலரை பஸ்ஸுக்கு நேரமாகும்வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா போன் செய்தாள். பின்னால் மாணவர்களின் சத்தம் கேட்டது. "பன்னெண்டுக்கும் போகுதுங்க. ஒண்ணுகூட விடல."

"எனக்கும் ஒருத்தர் எழுதியிருக்காரு. ஒரு வருஷமா கெடந்த பிரச்சனை தீந்துருச்சாம்" என்றாள் அனுராதா. "இன்னொண்ணு. நெட்வொர்க் கார்டுக்குப் பொறுப்புன்னு போட்ட எடத்துல உங்க பேரையும் சேத்துட்டேன். கேக்காமயே."

மறுமுனையில் ஸ்டெல்லா மாணவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள்.

"அப்ப நாளைக்கு யாராவது புதுசா மாற்றம் அனுப்புனா?"

"நீங்க மொதல்ல படிங்க. அப்புறம் நான் படிக்கறேன்."