ரங்கநாயகியின் கொக்கு

கல்யாண வீடியோ கேசட்டைக் கண்டுபிடித்தவன் என் கையில் சிக்கினால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். எங்கள் கணபதி ஏரியாவில் யார் வீட்டுக்குள் காலை வைத்தாலும் காபிக்கு முன்னால் கேசட்டைப் போட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிரவீனாவின் கல்யாணத்தை அப்படித்தான் மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

மாப்பிள்ளை தாலி கட்டினார். திரையின் மூலையிலிருந்து ஒரு வெள்ளைக் கொக்கு பறந்து வந்து இருவர் தலைக்கு மேலும் வட்டமடித்தது. பின்னணியில் ஏதோ சினிமாப் பாட்டு.

ஐயோ, அது என் கொக்கு!

நானும் என் மனைவி ரங்கநாயகியும் சேர்ந்து செய்த சின்னக் கார்ட்டூன் படத்தில் வருவது. அவள் வீணையில் மோகனம் வாசித்தாள். அதைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு சிறகசைப்பையும் நான் வரைந்தேன். டில்லிப் படவிழாவுக்கு அனுப்பினோம், திருப்பிவிட்டார்கள். ஒரு பயலும் அதைத் திரையிடவில்லை. இப்போது அவளும் இல்லை. ஃபிலிம் சுருளைப் பூசணம் தின்றுவிட்டது. அவள் வாசிப்பு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வீடியோ கேசட்டில். அதைப் பிரதி எடுக்கத்தான், பிரவீனா கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த குமாரசாமியின் ஸ்டுடியோவில் போன மாதம் கொடுத்திருந்தேன்.

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஸ்டுடியோவுக்கு ஓடினேன்.

“ஏனுங்க கோவிந்தராஜுலு சார், கோவிச்சுக்காதீங்க. கொக்கு அம்சமா இருந்துச்சு, கல்யாணப் படத்துல மிக்ஸிங் பண்ண எடுத்துக்கிட்டேனுங்க,” என்றான் குமாரசாமி.

“கொக்கை நீயே வெச்சுக்கோ. வீணை எங்கே?”

“அந்தச் சத்தம் தேவைப்படலீங்க. அவசரத்துக்கு வேற கேசட் இல்லீங்க. கிணத்துக்கடவு ஊர்ல ஒரு பொண்ணுக்குச் சடங்குச் சீரு, அதை இதுமேலயே ரெக்கார்டு பண்ணிப்போட்டேனுங்க.”

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே பிரவீனா கல்யாண கேசட் ஒன்றை என் கையில் திணித்தான்.

வீட்டில் எனக்கு ஆறுதல் சொல்ல யார் இருக்கிறார்கள்? தனியாக உட்கார்ந்து அழுதேன். பிறகு டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுக் கேசட்டைப் போட்டேன்.

கொக்கு வந்தது. என் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. வட்டமடிக்கும்போதே அது சிறகடிக்காமல் ஒரு கணம் அப்படியே நின்றது.

ரெக்கார்டிங் அன்று ரங்கநாயகிக்கு அந்த இடத்தில்தான் இருமல் வந்தது. முதலிலிருந்து வாசிக்கிறேன் என்று கெஞ்சினாள். அட விடு, கொக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று சொல்லி, அங்கே மட்டும் சிறகை நிறுத்தி வரைந்திருந்தேன்.

ரீவைண்ட் செய்து அவள் இருமியதை மறுபடி பார்த்தேன்.