ஹாரன் அடித்துத்தான் போனேன்

சாலை எனப்படும் கடைத்தெருவில் பட்டனும் லேசும் நூல்கண்டும் மொத்தமாக விற்கும் கடையொன்றில் அஜிதாவுக்கு வேலை. வீடு அம்பலத்தறையில். நடுவே மணக்காடு, கமலேஸ்வரம் என்று நெரிசலும் வளைவுமாக நீளும் ரோடு. காலையில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. சாயந்திரம் பஸ்ஸே வராது. ஆகவே கல்யாணத்துக்கு முன் தக்கலையில் ஓட்டிய பழக்கத்தை நம்பி அவள் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கினாள். கணவன் பிரஜினுக்கு அதில் பெரிய சம்மதமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. அவனும் அதே கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியின் பிக்கப் வண்டியை ஓட்டுபவன்.

"ஓரமாட்டு போ. ஹாரன் கேட்டா இன்னும் ஓரமாட்டு போ," என்று சொன்னான். அதற்கு மேல் சொல்ல அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அவள் அப்படித்தான் போனாள். தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பில், கண்ணாடிச் சில்லும் காய்ந்த ஓலையும் ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில் அவளுடைய சக்கரம் உருண்டது. யாருக்கும் இடைஞ்சலாக இல்லை என்பது அவளுக்கு ஒரு நிம்மதியாக இருந்தது.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயந்திரம் சிவப்பு மழைக்கோட்டை மாட்டித் தலைமூடியை இழுத்துக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். கமலேஸ்வரம் தாண்டி ரோடு ஒடுங்கும் இடத்தில் எதிரே ஒரு பஸ் வந்தது. அதே நேரத்தில் பின்னாலிருந்து ஹாரன். விட்டு விட்டு அடிக்கவில்லை, ஒரேயடியாக அழுத்திப் பிடித்த ஹாரன். அவள் ஒதுங்கினாள். மறுபடியும் ஹாரன். இன்னும் ஒதுங்கினாள். அதற்குமேல் தார் இல்லை. முன் சக்கரம் அரையடிப் பள்ளத்தில் இறங்கியது. அந்த நொடியில் பஸ்ஸுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு வண்டி நுழைந்து போனது. அதன் பக்கக் கண்ணாடி அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிருக்கும். சேற்றுத் தண்ணீர் முகத்தில் அடித்தது. சாக்கடையை மூடியிருந்த கல்பலகையில் முழங்கை மோத, அவள் சைக்கிளோடு விழுந்தாள்.

தலை தூக்கிப் பார்த்தபோது வண்டியின் பின்பக்கம் தெரிந்தது. நீலத் தார்ப்பாய். அதன் கிழிந்த மூலையை மஞ்சள் துணியால் முடிச்சிட்டிருந்தது. அந்த மஞ்சள் துணி அவளுடைய பழைய சுரிதாரின் ஷால். கிழித்துக் கொடுத்ததும் அவள்தான், கட்டிவிட்டதும் அவள்தான். வண்டி நிற்கவில்லை. பிரேக் விளக்குகூட எரியவில்லை.

பக்கத்துச் சாயாக்கடையிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்து சைக்கிளைத் தூக்கினார். "சேச்சீ, ஒண்ணும் பற்றியில்லல்லோ? வண்டீடெ நம்பர் கண்டோ?" அடி ஒன்றும் படவில்லையே, வண்டியின் நம்பரைப் பார்த்தீர்களா என்று மலையாளத்தில் கேட்டார்.

"இல்ல சேட்டா. கண்டில்ல," என்றாள்.

ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் தள்ளிக்கொண்டே வீடு வந்தாள். அழுகை வரவில்லை. வலி கூட வீட்டுக்கு வந்து முழங்கையைக் கழுவும்போதுதான் வந்தது.

பிரஜின் வந்ததும் முதலில் பார்த்தது அவள் கைக்கட்டைத்தான்.

"என்னாச்சு?"

"விழுந்தேன். ஒரு வண்டி ஓவர்டேக் பண்ணிச்சு."

"எங்க வச்சு?"

"கமலேஸ்வரம் தாண்டி."

அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டைத் தொட்டுப் பார்த்தான். விரல்களை மடக்கச் சொல்லிப் பார்த்தான். முகம் சிவந்தது. "நின்னானா அவன்? எறங்கிக் கேட்டானா? சவத்துக்குப் பொறந்தவன். என்ன வண்டி?"

"பிக்கப்."

"பிக்கப்புன்னா நம்ம ஸ்டாண்டு ஆளுகளுக்குத் தெரியாம இருக்காது. குரூப்பில போடுதேன், ராத்திரிக்குள்ள ஆளு யாருன்னு வந்திரும்." போனை எடுத்தான். "கலரு பாத்தியா?"

"போடாண்டாம்."

"ஏன் போடாண்டாம்? நாளைக்கு வேற ஒருத்தியக் கொல்லதுக்கா?"

"நீலத் தார்ப்பாயி," என்றாள் அஜிதா. "மூலையில மஞ்சத் துணி."

பிரஜின் போனைப் பார்த்தபடியே நின்றான். திரையின் வெளிச்சம் அணைந்தது. அவன் அதை மறுபடி தொடவில்லை.

"செவப்புக் கோட்டு," என்றான் கடைசியில். "அது நீயா? நான் ஏதோ ஆம்பளைன்னுல்லா நெனச்சேன்."

"ஆம்பளைன்னா விழலாமா?"

"அப்படியில்ல..." அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "ஹாரன் அடிச்சேனே. ரெண்டு தடவ அடிச்சேன். ஹாரன் அடிச்சுத்தான் போனேன்."

"அடிச்சீங்க. ஒதுங்கினேன். ஒதுங்கினதுனாலதான் விழுந்தேன்."

திருவல்லத்தில் கடை அடைப்பதற்குள் சரக்கு இறக்க வேண்டியிருந்தது, மழை, எதிர்ப்பக்கத்து பஸ்காரன் அகலமாக வந்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எல்லாம் உண்மைதான். அவள் மறுக்கவில்லை. சோறு எடுத்து வைத்தாள். அவன் பாதியில் கை கழுவினான்.

மறுநாள், இனி சைக்கிள் வேண்டாம், பஸ்ஸில் போ என்றான். கை ஆறும்வரை போகிறேன் என்றாள் அவள். இருவரும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. வீட்டில் ஒரு மாதிரி மரியாதை வந்திருந்தது, அன்னியர் வீட்டில் தங்கியிருப்பது போல.

கைக்கட்டு அவிழ்த்த வாரத்தில், அவள் கேட்காமலேயே பிரஜின் சைக்கிளை வண்டியில் ஏற்றிப் போய் கமலேஸ்வரத்தில் ஞானையனின் சைக்கிள் கடையில் கொடுத்தான். ஹேண்டில் நேரானதும் வாங்கப் போனபோது வண்டி மண்டியில் நின்றது. ஓட்டிக்கொண்டே வந்துவிடுகிறேன் என்று போனவன், இருட்டத் தொடங்கும் நேரத்தில் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எதுக்குத் தள்ளிட்டு வாறீங்க?"

"டயரில காத்து கொறவு."

அவன் குளிக்கப் போனதும் அஜிதா டயரை அமுக்கிப் பார்த்தாள். இரண்டும் கல்லு போல இருந்தன. அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

சாப்பிடும்போது அவனே தொடங்கினான். "எதிர்ல பஸ் வந்தா பின்னால வாறவன் நிக்க மாட்டான், அல்லே?"

"எடம் இருக்குன்னு தோணினா நிக்க மாட்டான்."

"ஸ்டீரிங் வளையத்தப் பிடிச்சிருக்கவனுக்கு எப்பவும் எடம் இருக்குன்னுதான் தோணும்." சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். "நீ அந்த ஓரத்தில போறப்ப, சத்தியமாட்டு சொல்லுதேன் அஜி, எனக்கு நீ ரோட்டில இல்ல. கரண்டு போஸ்ட் மரம் நிக்கும்லா, அது மாதிரி."

"பின்னே எங்க போகச் சொல்லுதீங்க?"

"ரோடு ஒடுங்குற எடத்தில கொஞ்சம் உள்ள வா. அப்போ நுழைய முடியாது, பின்னாலதான் வரணும். ஆனா சட்டுன்னு வராத. முன்கூட்டியே திரும்பிப் பாத்து, கை காட்டி வா. மூஞ்சியப் பாத்தா எவனா இருந்தாலும் ஒரு நிமிஷம் ஸ்லோ ஆக்குவான்."

"ரோடு அகலமானா ஓரத்துக்குப் போயி வழி விடுதேன்," என்றாள். "ஆனா தாரை விட்டு எறங்க மாட்டேன். யாரு ஹாரன் அடிச்சாலும்."

"எறங்காண்டாம்," என்றான்.

அவள் மீண்டும் ஓட்டத் தொடங்கினாள். சொல்வது போல எளிதாக இல்லை. ரோட்டின் உள்பக்கமாக வரும் ஒவ்வொரு முறையும் முதுகு தானாகக் குறுகியது. ஹாரன்கள் கூடின. ஒரு ஸ்கூட்டர்காரன் பக்கத்தில் வந்து, "ரோடு நின்றெ அச்சன்றெயாணோ?" என்று, ரோடு என்ன உன் அப்பனுடையதா என மலையாளத்தில் கத்திவிட்டுப் போனான். அன்று கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரே பெட்டி நூல்கண்டை மூன்று முறை எண்ணினாள். ஆனால் பின்னால் வருபவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். எரிச்சலோடு குறைத்தார்கள், முணுமுணுத்துக்கொண்டு குறைத்தார்கள், ஆனாலும் குறைத்தார்கள். பழைய மாதிரி சேறு தெறிக்க யாரும் உரசிப் போகவில்லை. திரும்பிப் பார்த்துக் கை காட்டுவது கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

பிரஜின் இந்த ரோட்டில் தன்னை எப்போதாவது தாண்டிப் போகிறானா என்று அவளுக்குத் தெரியாது. அவனும் சொன்னதில்லை. தன்னைப் பார்த்தால் நிச்சயம் வழி பார்த்துத்தான் போவான். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. வேறு ஒருவரைப் பார்த்தால் என்ன செய்வான் என்பதுதான் அவளுக்குள் கேள்வியாக இருந்தது. வாய்விட்டுக் கேட்டால் நல்ல பதில்தான் கிடைக்கும் என்பதால் கேட்கவில்லை.

ஓணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை திருவல்லத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு அரிசி போக வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போகலாம் என்று அஜிதாவும் வண்டியில் ஏறிக்கொண்டாள். அம்பலத்தறை தாண்டியதும் முன்னால் ஒரு சைக்கிள். பெயிண்டர் போலிருந்தது, ஹேண்டிலின் இரண்டு பக்கமும் டின்கள் தொங்க, ஆள் ஆடி ஆடி மிதித்தார். தாரின் விளிம்பிலேயே போனார்.

பிரஜின் வலது பக்கம் எட்டிப் பார்த்தான். எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். வண்டி தணிந்து சைக்கிளின் பின்னால் ஊர்ந்தது. ஸ்கூட்டர் போனதும் எதிரே ஒரு கார். அதன் பின்னால் வளைவு.

"இந்தாளு இப்படி ஆடிக்கிட்டு எங்க போறாரு," என்று முணுமுணுத்தான். "ரெண்டு டின்னு வச்சுக்கிட்டு. ஆட்டோ பிடிக்கப்பிடாதா?"

அவன் கட்டைவிரல் ஹாரனின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்த வேறொரு கார்க்காரர் அழுத்தினார். பெயிண்டர் மிரண்டு திரும்பிப் பார்த்து, போ போ என்று கையை வீசினார்.

"போகச் சொல்லுதாருல்லா," என்றாள் அஜிதா.

"அவரு சொன்னா? வளைவுக்கு அந்தப் பக்கம் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." மண்டியிலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் இரண்டாகி மூன்றாகியது. பிரஜின் கையை வெளியே நீட்டி, பொறு என்று காட்டினான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பொறுமையாக இருந்தான் என்று சொல்ல முடியாது. பின்னாலேயே போனான், அவ்வளவுதான்.

வளைவு திரும்பியதும் ரோடு நீளமாக, காலியாகத் திறந்தது. இண்டிகேட்டரைப் போட்டு வண்டியை முழுக்க எதிர்ப்பக்கத்துக்கே எடுத்தான். அஜிதா தன் பக்கத்து ஜன்னலில் அந்தப் பெயிண்டரைப் பார்த்தாள். நடுவே இன்னொரு வண்டி போகும் அளவுக்கு இடம் கிடந்தது. அவருடைய டின்கள்கூட ஆடவில்லை. தாண்டியதும் பிரஜின் உடனே இடப்பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் சைக்கிள் முழுதாகத் தெரியும்வரை நேராகவே போய், பிறகு மெதுவாகச் சேர்ந்தான்.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அஜிதா எடுத்து அவன் காதில் வைத்தாள்.

"வந்தாச்சு முதலாளி, வந்தாச்சு," என்றான் பிரஜின். "முன்னால ஒரு சைக்கிள் போச்சு. அதான்."