மண்ணுக்குள் ஒளித்த ஈர்க்கு

கடற்கரைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருகிற ஆளை யார்தான் நம்புவார்கள்? அதுவும் மினுக்கின கறுப்புச் சப்பாத்து. வெள்ளவத்தைக் கடற்கரையில், ஏப்ரல் வெயிலில், சின்னப் பிள்ளைகள் உடுப்பையும் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரில் குதிக்கிற இடத்தில், இந்த மனிதர் மட்டும் சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, கையில் போனோடு நின்றார். நின்றது கடலுக்கு முதுகைக் காட்டி. பார்வை எந்நேரமும் ரயில் பாதைக்கு அங்கால் இருக்கிற வீடுகளின் ஜன்னல்களில்.

சீ.ஐ.டி என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன்.

முடிவு கட்ட எனக்குக் காரணம் இருந்தது. 2007ஆம் ஆண்டு. வெள்ளை வான் வண்டியில் ஏற்றிப் போனவர்களைப் பற்றி எல்லாரும் குரலைத் தணித்துக் கதைத்த காலம். என் புருசன் பாலசுந்தரம் தை மாதத்திலிருந்து எங்கள் மேல்மாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. வவுனியாவில் அவர் வேலை செய்த கடையில் இரண்டு பேரை யாரோ வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்; திரும்பிக் கொண்டுவந்து விடவில்லை. அடுத்தது தான்தான் என்று தெரிந்ததும் இவர் ஒரு வெங்காய லொறியில் ஏறிக் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். வெளியூர்த் தமிழர் என்று பொலிசில் பதியவும் பயம், பதியாமல் இருக்கவும் பயம். கீழே இருக்கிற வீட்டுக்காரி ரபீக்கா ராத்தாவைப் பொறுத்தவரை அவர் கட்டாரில். அதனால் பகலில் வெறுங்காலோடு, பலகை கிரீச்சிடாத சுவரோரமாகவே நடப்பார். தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்முவார்.

இந்த லட்சணத்தில் கடற்கரை எதற்கு என்று கேட்பீர்கள். மகன் கபிலனின் மொண்டிசோரி யோசெப்பின் ரீச்சர்தான் காரணம். லீவு விடுகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்கட பிள்ளை வெயிலுக்குக் கண் கூசுறான். மற்றப் பிள்ளையள் ஓடேக்க இவன் மட்டும் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறான். ஏன் அப்பிடி?"

ஏன் என்று எனக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்துப் பழகினது. அதை ரீச்சரிடம் சொல்லவா முடியும்?

"லீவு முழுக்க வீட்டுக்குள்ள வச்சிராதேங்கோ," என்றார் ரீச்சர். "இப்ப கடல் நல்ல அமைதி. சிப்பி பொறுக்கட்டும், நண்டு துரத்தட்டும், மண்ணில விழுந்து எழும்பட்டும். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அதுதான் படிப்பு."

சரி என்று போனேன். ஆனால் சட்டம் போட்டுத்தான் போனேன். கடற்கரையில் தமிழ் கிடையாது, சிங்களம் மட்டும். அங்கே நீ கபிலன் இல்லை, கபில. அப்பா வெளிநாட்டில். எங்கள் அறையின் ஜன்னலால் எட்டிப் பார்த்தால் கடற்கரை கண்ணுக்கு முன்னால் தெரியும். வாசலிலிருந்து நேரே நடந்து தண்டவாளத்தைத் தாண்டினால் மண். நான் அந்த வழியால் ஒருநாளும் போகவில்லை. காலி வீதிக்கு ஏறி, மூன்று லேன் சுற்றி, பேக்கரி வாசலில் நின்று, பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன், வருவேன்.

சப்பாத்துக்காரருக்கு ஒரு மகள், கபிலன் வயது. லக்ஷி என்று கூப்பிடுவார். மஞ்சள் வாளி ஒன்றோடு வந்தவள், கேட்காமல் கொள்ளாமல் என் மகனின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அவன் ஓடினான். பிடிக்கச் சுவர் இல்லாத இடத்தில் என் பிள்ளை ஓடினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்த ஆளிடமிருந்து தள்ளி நிற்க வேண்டுமோ அந்த ஆளின் பிள்ளையோடுதானா இவன் ஓட வேண்டும் என்று எரிச்சலும் வந்தது.

இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அலை வந்து நிரப்ப வாய்க்கால் வெட்டின. நண்டுப் பொந்துக்குள் காய்ந்த மண்ணை ஊற்றி, அந்தத் தடத்தைப் பிடித்துத் தோண்டின. லேனில் கொட்டிக் கிடந்த முள்முருக்கம் பூவைப் பொறுக்கி வந்து, இதழைப் பிய்த்து நகத்தில் செருகிக்கொண்டு ஒன்றையொன்று பயமுறுத்தின. எங்கோ ஒரு குயில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அந்த ஆள் வாயைத் திறக்கும்வரை.

"நோனா, கெதர கொஹேத?" வீடு எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

"தெஹிவளை," என்றேன்.

சிரித்தார். நம்பாத சிரிப்பு. பிள்ளையின் தகப்பன் எங்கே என்று அடுத்த நாள் கேட்டார். கட்டார் என்றேன். உடனே அந்தப் பக்கம் திரும்பிப் போனைக் காதில் வைத்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். கண் மறுபடியும் ஜன்னல்களில். கபிலனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"இனிப் போகாதேயும்," என்றார் பாலசுந்தரம். போகவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் கபிலன் சுவரைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி நடக்கத் தொடங்கினான். அவர் அதைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு தட்டில் அரிசியைக் கொட்டி அவனைப் பக்கத்தில் இருத்தினார். கிச்சு மாச்சுத் தம்பலம். ஊரில் மண்ணைக் குவித்து விளையாடுவது. நீளமாக அணை கட்டி, அதற்குள் ஈர்க்குத் துண்டை ஒளிக்க வேண்டும். எங்கே என்று மற்றவர் கையால் பொத்திக் காட்டுவார். பிழையான இடத்தைப் பொத்தினால், அந்த ஈர்க்கை மண்ணோடு கையில் வாங்கிக்கொண்டு கண்ணை மூட வேண்டும். வென்றவர் கண்ணைப் பொத்தி எங்கேயோ கூட்டிப் போவார், அங்கே மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பக் கூட்டி வருவார். அதற்குப் பிறகு அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் தப்பலாம், இல்லாவிட்டால் தோல்வி. அறைக்குள் கூட்டிப் போக எங்கே இடம்? கட்டிலுக்குக் கீழே, அல்லது கதவு மூலை. கபிலனோ கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவான்.

சித்திரைப் புது வருசத்துக்கு முதல் நாள் மறுபடியும் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். பிள்ளைகள் வழமை போல ஓடிப் போய் மண்ணில் குந்தின. கொஞ்சம் கழித்துப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவில் ஒரு மண் அணை. ஈர்க்கை ஒளிப்பது கபிலன். பொறுமையில்லாமல் கையைக் கோத்துக்கொண்டு பொத்தத் தயாராக இருப்பது லக்ஷி.

கிட்டப் போய் அவன் காதுக்குள், "நீ சொல்லிக் குடுத்தனியா?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா. அவளுக்கு முந்தியே தெரியும்."

சிங்களப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஆட்டம் அது. அப்படியென்றால் இவர்கள் தமிழ் ஆட்கள். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. சிங்களச் சீ.ஐ.டிக்கு எங்களை அடையாளம் தெரியாது. சிங்களவன் மாதிரி நடிக்கிற தமிழன் வேறு எதற்கு ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பான்? முகத்தை மூடிக்கொண்டு நின்று, இவன்தான் என்று தலையை ஆட்டிக் காட்டிக்கொடுக்கிற ஆட்களை எனக்குத் தெரியாதா?

துவாயையும் செருப்பையும் அள்ளினேன். அவர் பக்கத்தில் வந்து, ஏன் அவசரம், பிள்ளைகள் விளையாடட்டுமே என்றார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. உனக்கென்ன வேணும், ஏன் எங்கள் பின்னால் திரிகிறாய் என்று தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டி அதட்டினேன். அவர் வெளிறிப் போனார். நான் மூச்சு வாங்கித் திரும்பினால், மஞ்சள் வாளி மட்டும் இருந்தது.

பிள்ளைகளைக் காணவில்லை.

ஈர மண்ணில் சின்னக் கால் தடங்கள் இரண்டு சோடி, நேரே தண்டவாளத்தை நோக்கி. அந்த நேரம் பார்த்துப் பாணந்துறை ரயில் எங்களுக்கு முன்னால் குறுக்கே ஓடத் தொடங்கியது. பெட்டி பெட்டியாகப் போகிறது, முடிகிறதாக இல்லை. எனக்குப் பக்கத்தில் அந்த மனிதர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, எம் புள்ள!" என்று கத்தினார். தமிழ். மலையகத் தமிழ்.

ரயில் போனது. தண்டவாளத்தில் ஒன்றுமில்லை. கடவுளே என்று அங்கால் ஓடினோம். லேனின் தார் ரோட்டில் கோடு போல மண் சிந்தியிருந்தது. பிள்ளையின் கையிலிருந்து ஒழுகின மண். அது எங்கே போகிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒளிக்க நல்ல இடம் எது என்று கபிலனைக் கேட்டால் அவன் வேறு எதைச் சொல்வான்? அப்பா இருக்கிற இடம்.

"இந்தப் பக்கம்!" என்று காலி வீதியைக் காட்டி அவரை இழுத்தேன். காலால் மண்ணைத் தேய்த்தேன். பிள்ளையைத் தேடுகிற தகப்பனை அப்படி ஏமாற்றப் பார்த்தேன். புருசனைக் காப்பாற்ற அந்த நேரம் என் புத்திக்கு எட்டினது அதுதான். அவர் என்னைத் தள்ளிவிட்டு மண்ணின் பின்னால் ஓடினார். எங்கள் கேற். எங்கள் படி. கதவு திறந்து கிடந்தது.

அறையின் நடுவில் லக்ஷி நின்றாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. கபிலன் பின்னால் நுனிக்காலில் நின்று அவள் கண்ணைப் பொத்தியிருந்தான். அவள் கையிலிருந்த மிச்ச மண் நிலத்தில் கொட்டிக் கிடந்தது, ஈர்க்கு அதன் மேல். சுவரோடு சுவராகப் பாலசுந்தரம். போக இடமில்லை.

அந்த மனிதர் மகளைப் பார்த்தார், பாலசுந்தரத்தைப் பார்த்தார், அரிசித் தட்டைப் பார்த்தார். மூச்சு அடங்கியதும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பயப்படாதீங்க. என் பேரு அழகுமுத்து. எங்க வீட்டுலயும் இப்புடித்தான். என் சம்சாரத்துக்குக் கிளிநொச்சி ஐடென்டி கார்டு, கண்டா புடிச்சுட்டுப் போயிருவாங்க. கார்த்திகையிலேர்ந்து வெளிய வரல. அந்தா, அந்தப் பச்ச ஜன்னல். புள்ள வெளையாடுறத அங்கேர்ந்துதான் பாக்குறா. பாத்துக்கிட்டே போன்ல கேப்பா, இன்னைக்கு என்ன பொறுக்குனா, யாரோட சிரிச்சானு."

"சப்பாத்து?" என்று கேட்டேன்.

"இப்புடி நின்னா நம்மள ஒருத்தரும் சோதிக்க மாட்டாங்கன்னுதான். நீங்க அந்த அதட்டு அதட்டுனப்ப, உங்களப் பொலிஸ் பொம்பளன்னே நெனச்சுட்டேன்."

கதை நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்குப் பயம். பச்சை ஜன்னல் யாருடையதாகவும் இருக்கலாம். அவர் என் முகத்தில் அதைக் கண்டிருக்க வேண்டும். ஒரு நிமிசம் யோசித்தார். பிறகு சப்பாத்துக் காலோடு குந்தி, கபிலனுக்கு முன்னால் இரண்டு கையாலும் தன் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, அவளத் திருப்பிக் கூட்டிட்டுப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. நானும் ஆட்டத்துல இருக்கேன்."

கபிலன் விரல் இடுக்கில் வெளிச்சம் போகிறதா என்று கவனமாகச் சோதித்தான். இரண்டு பேரையும் வழி மறக்கச் சுற்றிவிட்டான். ஒரு கை லக்ஷியின் கண்ணில், மறுகை அவர் சேட்டில். அப்படியே படியிறங்கி லேனுக்கு வந்தார்கள். நான் பின்னால் போனேன். கண்ணை மூடி ஆட்களைக் கூட்டிப் போவதென்றால் அந்த நாட்களில் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். அதனால் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவர் விரல்களை விட்டுப் பார்வையை எடுக்கவும் முடியவில்லை. தண்டவாளத்தில் அவர் சப்பாத்து சிலிப்பர் கட்டையில் இடறி, முழங்கால் அடிபட விழுந்தார். விழுகிற மனிதன் கையை ஊன்றுவான் அல்லவா? அவர் ஊன்றவில்லை. கை கண்ணிலேயே இருந்தது.

"இப்ப திறவுங்கோ!" என்றான் கபிலன், கடற்கரை நடுவில், தமிழில், உரத்து. நான் அதட்டவில்லை.

லக்ஷி தேடத் தொடங்கினாள். கல்லுக்குப் பின்னால் பார்த்தாள், வாளிக்குள் பார்த்தாள். பிறகு நின்று யோசித்து ரயில் பாதையைப் பார்த்தாள். "தண்டவாளம் தாண்டுனோம்... படி ஏறுனோம்..." என்று முணுமுணுத்துக்கொண்டு எங்கள் லேன் பக்கம் நடந்தாள். சரியாகத்தான் நடந்தாள்.

அழகுமுத்து நொண்டிக்கொண்டு போய், முதல் தடவையாக அவளின் முழுப் பெயரைச் சொல்லித் தூக்கினார். "வேணாம் பாக்கியலெட்சுமி. நாம தோத்துட்டோம்."

"இல்லப்பா, எனக்குத் தெரியும்! நான் கண்டுபிடிச்சுட்டேன்!"

"இல்ல. நமக்கு ஒண்ணும் தெரியாது. தோத்துட்டோம்."

பிள்ளை காலை உதைத்து அழுதது. வென்றதைத் தோற்றதென்று சொன்னால் எந்தப் பிள்ளைதான் அழாது? அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே கடலைப் பார்த்து நின்றார். அவர் கடலைப் பார்த்ததை அன்றுதான் கண்டேன். அங்கால், பச்சை ஜன்னலில் திரைச்சீலை விலகி, ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது.

எனக்கு அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போகிறபோது கபிலன் நேர்வழியைக் காட்டி இழுத்தான். நான் அன்றும் மூன்று லேன் சுற்றி, பேக்கரி வாசலில் நின்று, பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் போனேன். பின்னால் யாரும் வரவில்லை.