பாதித் தலையும் மின்சாரக் காரும்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் டிரைவிங் டீச்சர். அவளுடைய பயிற்சிக் கார் இனித் தேறாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். புதிதாக வாங்கினால் மின்சாரக் கார்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள் நாத்தனார்.

"நடுத்தெருவுல சார்ஜ் தீர்ந்து நின்னா? ஊரே சிரிக்கும். அப்புறம் எங்கிட்ட யாரு கத்துக்க வருவா?"

"என் மின்சாரக் காரை ஓட்டிப் பாருங்க அண்ணி. பிடிக்கலைன்னா இனிமே வாயே திறக்க மாட்டேன்."

"அதுக்காகவே ஓட்டுறேன்."

முதல் திருப்பத்தில், இல்லாத கிளச்சை இடதுகாலால் ஓங்கி மிதித்தாள். மிதிபட்டது பிரேக். கார் குலுங்கி நின்றது. இருவரும் தலையாட்டி பொம்மைகள் ஆனார்கள்.

"உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குல்ல அண்ணி?"

"சும்மா வாடி!" என்றவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு கார் வழுக்கிக்கொண்டு பறந்தது. காதால் வண்டி ஓட்டியே பழகியவள் அவள். எஞ்சின் முனகினால் கியரை மாற்றுவாள். இருமினால் பெட்ரோலைப் பார்ப்பாள். இதுவோ மூச்சே விடவில்லை. சத்தம் இல்லையே, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டாள். திரையில் மினுங்கிய சிவப்பு சார்ஜ் விளக்கு கண்ணில் படவே இல்லை.

முடிதிருத்தும் கடை வாசலில் கார் பொசுக்கென்று நின்றது.

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ராத்திரி பிளக்கைச் சொருகினேன் அண்ணி. சுவிட்சைத்தான் போடலை."

டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கடவுளே, என்கிட்ட படிச்சவங்க யாரும் பார்த்துடக் கூடாதே!

முடிதிருத்துபவர் எட்டிப் பார்த்தார். "சார்ஜ்தானே? உள்ளே பிளக் இருக்கு, வாங்க." எதிர்த் தையல்கடைக்காரி கேட்காமலே நீள ஒயரைக் கொண்டுவந்தாள். ஆனால் கடையின் ஒரே பிளக்கில் முடிவெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் இருந்தவருக்கு வலப்பக்கம் மழமழவென்று ஒட்ட வெட்டியாகிவிட்டது. இடப்பக்கம் இன்னும் காடு.

"இதைப் பிடுங்கிட்டு வண்டிக்குப் போடுங்க. என் தலை எங்கே ஓடிடப் போகுது?" என்றார் அவர்.

"வீடு போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஏறணுமே சார்," என்றாள் டீச்சர்.

"இந்தத் தலையோட நான் மட்டும் எங்கே போறது மேடம்?"

தெருவே சிரித்தது. டீச்சரும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இத்தனை நாள் அவள் பயந்துகொண்டிருந்த சிரிப்பு, வந்தபோது எவ்வளவு இதமாக இருந்தது!

பாதித் தலைக்காரர் கண்ணாடி வழியே காரைப் பார்த்தார். "நானும் இப்படி ஒண்ணு வாங்கி, ஓட்டக் கத்துக்கலாம்னு ரொம்ப நாளா யோசனை. நம்பி வாங்கலாமா?"

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டாள். "தாராளமா வாங்குங்க. நாங்களே வாங்கப் போறோம்."

"எப்போ அண்ணி முடிவு பண்ணீங்க?"

"இப்பத்தான். இவர் தலையைப் பார்த்து."

புதுக் கார் வந்ததும் டிக்கியில் முதலில் ஏறியது ஒரு நீள ஒயர்ச் சுருள். வழியில் யாருக்காவது ஆகுமே! முதல் மாணவராக வந்து உட்கார்ந்தார், தலை முழுக்க ஒரே சீராக வெட்டிய அவர்.

"பெல்ட் போடுங்க. இடது கால் சும்மா இருக்கணும், ஞாபகம்," என்றாள் டீச்சர்.

கார் நகர்ந்தது. திருப்பத்தில் குலுங்கி நின்றது.

"நான் ஒண்ணுமே பண்ணலையே மேடம்!"

டீச்சர் குனிந்து பார்த்தாள். பயிற்சியாளர் பக்கத்து பிரேக்கின் மேல் அவளுடைய இடது கால்.