தண்ணீரின் வாட்டம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், தோல் பதனிடுகிறவர்களுக்குக் குரோம் உப்பு தயாரித்துக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் பரிசோதனைக் கூடத்தில் கிருஷ்ணவேணிக்கு வேலை. கெடாரில் பிறந்து விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். காலைப் பாசஞ்சரைப் பிடித்துத் திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருவாள்.

தொழிற்சாலைக் கழிவெல்லாம் பின்புறத்தில் ஒரு பெரிய பள்ளத்தில் கொட்டப்பட்டு வந்தது. அடியில் களிமண் பூசிய பள்ளம். அதைச் சுற்றி நான்கு குழாய்க் கிணறுகள் இறக்கியிருந்தார்கள். குடிக்கவோ பாய்ச்சவோ அல்ல. பள்ளத்து விஷம் நிலத்தடி நீரில் இறங்குகிறதா என்று வேவு பார்க்க. அந்தப் பக்கத்து நிலம் கடலைப் பார்த்துக் கிழக்கே சரிகிறது. கசிந்தால் கிழக்கேதான் போகும் என்று மூன்று கிணறுகளைக் கிழக்கே போட்டார்கள். மேற்கே ஒன்று, கசிவு எட்டாத மேட்டில். அந்த ஒன்றாம் நம்பர் கிணற்று நீர்தான் இயற்கையான தண்ணீர்; மற்ற மூன்றும் அதைவிடக் கெட்டுப்போகாமல் இருந்தால் தொழிற்சாலை விதிப்படி நடக்கிறது என்று கணக்கு. மாதாமாதம் தண்ணீர் எடுத்துச் சோதித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிக்கை அனுப்புவது கிருஷ்ணவேணியின் பொறுப்பு.

ஒன்றாம் நம்பர் கிணற்றை ஒட்டித் தொழிற்சாலை வேலி. வேலிக்கு அப்பால் தாண்டவராயனின் புன்செய்க் கொல்லி. மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலையும் கேப்பையும் மாறி மாறிப் போடுவார். கொல்லியின் நடுவே கேணி, மோட்டார்க் கொட்டாய், பக்கத்திலேயே வீடு. தண்ணீர் எடுக்கப் போகும் நாளில் அவர் மனைவி கோவிந்தம்மாள் வேலி ஓரமாக வந்து கூப்பிடுவாள். மோரோ கூழோ கொடுப்பாள். கெடார்க்காரி என்று தெரிந்ததிலிருந்து கிருஷ்ணவேணி அவளுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஆகிவிட்டாள்.

எண்பத்தேழாம் வருஷம் மழை ஏமாற்றியது. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். மேற்கே இருந்த ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. தாண்டவராயன் கேணியை ஆழப்படுத்தி, பெரிய மோட்டாராக மாட்டினார். அந்தக் கோடையில்தான் ஒரு நாள், பரிசோதனைக் கூடத்தில் நான்கு சோதனைக் குழாய்களிலும் மருந்துத் துளியை விட்ட கிருஷ்ணவேணி அப்படியே நின்றாள். குரோமியம் இருந்தால் அந்த மருந்து செவ்வூதாவாக மாறும். கிழக்குக் கிணறுகளின் தண்ணீர் மூன்றும் தெளிவாக இருந்தன. ஒன்றாம் நம்பர் தண்ணீர் நாகப்பழம் பிழிந்த மாதிரி நிறம் காட்டியது.

பாட்டில் அழுக்காக இருந்திருக்கும் என்று நினைத்தாள். கழுவி, திரும்பப் போய் எடுத்து வந்து பார்த்தாள். அதே நிறம்.

மேனேஜர் கோதண்டபாணி குரல் உயர்த்தாத மனிதர். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பயந்துட்டேன் கிருஷ்ணவேணி. கிழக்கே வந்துடுச்சோன்னு நினைச்சேன். ஒண்ணாம் நம்பர்தானே? அது மேட்டுக் கிணறு. நம்ம பள்ளத்துத் தண்ணி மேடு ஏறுமா?"

"ஏறாது சார். ஆனா குரோமியம் வேற எங்கேருந்து வரும்?"

"மண்ணுலயே இருந்திருக்கும். விதி என்ன சொல்லுது? ஒண்ணாம் நம்பரைவிட மத்த மூணும் மோசமா இருக்கக் கூடாது. இப்ப மூணும் அதைவிடச் சுத்தம். நாம பாஸ். அப்படியே எழுதி அனுப்பு."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளை உறுத்தியது. விதியின் எழுத்துப்படி பார்த்தால், அந்தக் கிணறு கெடக் கெடத் தொழிற்சாலைக்கு நல்லது. எவ்வளவு கெட்டாலும் மற்றவை அதைவிடச் சுத்தமாகவே தெரியும்.

அறிக்கையை எழுதாமல் வைத்தாள். மறுநாள் அளவு நாடாவின் நுனியில் ஒரு குண்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போய், நான்கு கிணறுகளின் மூடியையும் திறந்து, தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று அளந்தாள். கிணற்று வாய்களின் மேடு பள்ளத்தைக் கழித்துப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்தது. மேலே நிலம்தான் கிழக்கே சரிந்தது. கீழே தண்ணீர் மேற்கே சாய்ந்திருந்தது. ஏரி வற்றி, மேற்கே ஊற்று இல்லாமல் போய், தாண்டவராயனின் மோட்டார் அத்தனையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பள்ளத்திலிருந்து கசிந்தது ஒன்றாம் நம்பர் கிணற்றைத் தொட்டுவிட்டது. அடுத்தது அவர் கேணி.

முதல் காரியமாகக் கோவிந்தம்மாளிடம் ஒரு செம்பு கேணித் தண்ணீர் கேட்டு வாங்கிப் போய்ச் சோதித்தாள். நிறம் மாறவில்லை. கொஞ்சம் மூச்சு வந்தது. அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

தாண்டவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உங்க மேனேஜரு போன வருசம் ஆள வுட்டு இந்த நெலத்தைக் கேட்டாரு. குடுக்க முடியாதுன்னேன். இப்ப கேணியில வெசம் வரப்போவுதுன்னு பயங்காட்டி வாங்கிக்கலாம்னு உன்னை அனுப்பிக்கினு இருக்காரா?"

நிலம் கேட்ட விஷயம் கிருஷ்ணவேணிக்கு அதுவரை தெரியாது. அவள் முகம் சுருங்கிப்போனது.

"எனக்கு அது தெரியாதுண்ணே. சத்தியமா."

"தெரியாதா? அவன்கிட்டச் சம்பளம் வாங்கிக்கினு என்கிட்ட வந்து தெரியாதுன்ற. போம்மா, பேஜாரு பண்ணாத."

"அந்தப் பொண்ணு அப்படிப்பட்டது இல்லீங்க" என்று கோவிந்தம்மாள் குறுக்கே வந்தாள். "இன்னா சொல்லுதுன்னு முழுசாக் கேட்டா இன்னா கொறைஞ்சிடும்?"

அவர் கொட்டாய்ப் பக்கம் போய்விட்டார். கிருஷ்ணவேணி பஸ்ஸுக்கு நடந்தாள். அழுகை வரவில்லை. அவர் இடத்தில் தன் அப்பா இருந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பார் என்று தோன்றியது.

மறுநாள் நாடாவோடு திரும்பி வந்தாள்.

"என் பேச்சை நம்ப வேணாம்ணே. நீங்களே அளந்து பாருங்க. இப்ப கரண்ட் இல்ல, மோட்டார் நிக்குது. ஒரு தடவை அளங்க. கரண்ட் வந்து மோட்டார் ஓடினப்புறம் இன்னொரு தடவை அளங்க. அவ்வளவுதான்."

கோவிந்தம்மாள் கணவனைப் பார்த்தாள். அவர் வேலியைத் தாண்டி வந்து நாடாவை வாங்கினார். குண்டு தண்ணீரைத் தொடும் சத்தத்துக்குக் காது கொடுத்து, ஒன்றாம் நம்பர் கிணற்றில் தானே இறக்கி, தானே அளந்து, நாடாவில் நகத்தால் அழுத்தி அடையாளம் வைத்தார். கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியது. மல்லாட்டைப் பாத்திகளில் தண்ணீர் பரவிக்கொண்டே போனது. வெயில் தாழ்ந்த பிறகு திரும்ப இறக்கினார். நகம் பதிந்த இடத்தைத் தாண்டி நாடா போய்க்கொண்டே இருந்தது.

அவர் கிணற்றின் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாந்தான் இழுத்துக்கினு இருக்கேனா? என் பொண்டாட்டி புள்ள குடிக்கிற தண்ணியில நானே..."

"நீங்க இழுக்கிறது தண்ணியைண்ணே. அதுல விஷத்தைக் கலந்தது நீங்க இல்ல."

அவர் எழுந்து, "உங்க மேனேஜரைப் பாக்கணும்" என்றார்.

அடுத்த நாள் தாண்டவராயனும் கிருஷ்ணவேணியும் மேனேஜர் அறையில் உட்கார்ந்தார்கள். கோதண்டபாணி மரியாதையாகவே பேசினார். நல்ல விலைக்கு நிலத்தை வாங்கிக்கொள்ளக் கம்பெனி இன்னமும் தயார் என்றார்.

"விக்கிறதுக்கு வரலீங்க" என்றார் தாண்டவராயன். "நெலத்தை நீங்க வாங்கிட்டா அதுக்கு அந்தாண்ட கேணியே இல்லையா? முருகையன் கேணி இருக்குது, அதுக்கப்புறம் காலனி போரு இருக்குது. அத்தையும் வாங்குவீங்களா?"

கோதண்டபாணி கிருஷ்ணவேணியைப் பார்த்தார். அவள் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். பள்ளத்துக்கும் ஒன்றாம் நம்பர் கிணற்றுக்கும் நடுவில் ஒரு போர்வெல் இறக்கி, கெட்ட தண்ணீரை அங்கேயே மறித்து இறைத்துச் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோய்விடலாம். அதற்குள் பள்ளத்தின் அடியைச் சீராக்க வேண்டும். தாண்டவராயன் வீட்டுக்கு அதுவரை வெளியிலிருந்து குடிதண்ணீர். வாரியத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஒன்றாம் நம்பர் இனி ஒப்பிட உதவாது என்பதையும் சேர்த்து.

"எழுதினா அவங்க இங்க வந்து நிப்பாங்க, கிருஷ்ணவேணி."

"எழுதலைன்னாலும் ஒரு நாள் வருவாங்க சார். அப்ப கேணியே கெட்டிருக்கும்."

கோதண்டபாணி நிலத்தடி நீர் மட்டங்களை அவள் வரைந்து வைத்திருந்த தாளை எடுத்து, நேராகவும் திருப்பியும் பார்த்தார். அவரும் ரசாயனம் படித்து மேலே வந்தவர்தான். கடைசியில், "முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ எழுது" என்றார்.

வாரியத்து என்ஜினீயர் வந்தார். கடுமையாகத்தான் பேசினார், கெடு வைத்து உத்தரவு போட்டார். பள்ளத்தில் மேற்கொண்டு கொட்டுவது நின்றது. போர் இறக்கி மோட்டார் மாட்டினார்கள். தாண்டவராயன் நிலத்துக்கும் அப்பால் புதிதாக ஒரு கிணறு போட்டு அதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். கோவிந்தம்மாள் வீட்டு வாசலில் தினமும் டேங்கர் வந்து நின்றது. அந்தத் தண்ணீரில் பருப்பே வேகமாட்டேன் என்கிறது என்று அவள் வண்டிக்காரரோடு சண்டை போடாத நாள் இல்லை. ஒன்றாம் நம்பர் தண்ணீரின் நிறம் மெல்ல மெல்ல வெளுத்தது. முழுக்கப் போகவில்லை. ஆனால் கேணி கெடவில்லை.

அடுத்த பட்டத்து மல்லாட்டை காய் பிடிக்கும் சமயத்தில் தொழிற்சாலைப் போர் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. எரிந்த மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றிக் கொடுப்பவர் பாண்டிச்சேரியில். அவர் கடையில் ஏற்கெனவே வரிசை. செய்தியைச் சொல்லக் கிருஷ்ணவேணி வேலியோரம் ஓடினாள்.

தாண்டவராயன் பயிரைப் பார்த்தார். இலைகள் வெயிலில் மடங்கத் தொடங்கியிருந்தன. கொட்டாய்க்குள் போய் சுவிட்சை இறக்கிவிட்டு வந்தார்.

"உங்க மோட்டாரு ஓடாத வரைக்கும் என்னுதும் ஓடாது. ஜல்தியா சரி பண்ணச் சொல்லு."

கோதண்டபாணியே வண்டி எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போய், கடையிலேயே உட்கார்ந்து மோட்டாரைக் கையோடு கொண்டுவந்து மாட்டி ஓடவிட்டார். அதற்குள் மேட்டுப் பாத்திகள் காய்ந்துவிட்டன. அவர் வரப்பில் வந்து நின்றார். சட்டையெல்லாம் கிரீஸ். கம்பெனியிடம் சொல்லி ஈடு வாங்கித் தருகிறேன் என்றார்.

"குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றார் தாண்டவராயன். "வேணான்னு சொல்ல நான் இன்னா சாமியாரா?"

கோவிந்தம்மாள் காய்ந்துபோன செடிகளைப் பிடுங்கி மாட்டுக்காகக் கட்டிக்கொண்டிருந்தாள். தாழ்வான பாத்தியில் பச்சையாக நின்ற செடி ஒன்றையும் பிடுங்கி, மண்ணை உதறி, மேனேஜரிடம் நீட்டினாள். அவருக்கு அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேரில் தொங்கிய காய் ஒன்றைப் பறித்து உடைத்தார். உள்ளே பருப்பு இன்னும் பால் பிடித்த நிலையில் இருந்தது. வாயில் போட்டு மென்றார்.

"காய் முத்த இன்னும் ரெண்டு தண்ணி பாய்ச்சணும்" என்றாள் கோவிந்தம்மாள்.

தாண்டவராயன் மோட்டார் போடக் கொட்டாய்க்கு நடந்தார்.