விசிறிப் பக்கத்துப் பாத்தி

திருப்போரூருக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஜெகதீசனின் பசுமைக்குடிலில் எல்லாப் பாத்தியும் மாமல்லபுரத்து ஓட்டலுக்கு. கடைக்கோடியில் இருக்கும் ஒரு பாத்தி மட்டும் வீட்டுக்கு. பெரிய மின்விசிறிகள் உள்காற்றை இழுத்து வெளியே தள்ளுகிற பக்கம் அது. வெக்கையில் இலை சிறுத்துப்போகும், ஓட்டல்காரன் கையால் தொடமாட்டான். அதனால் அது வீட்டுப் பாத்தி ஆனது. அதற்கு மட்டும் அவன் பூஞ்சாண மருந்து அடிப்பதில்லை.

மற்றதற்கெல்லாம் அடித்து அடித்துத் தோள்பட்டை கழன்றிருந்தது. மூடிக் கிடக்கும் குடிலில் ஈரம் தங்கினால் போதும், பாலக்கீரை முழுக்கப் பூஞ்சை பிடித்துவிடும். மருந்தடித்தால் சில நாள் விட்டுத்தான் அறுக்க வேண்டும். ஓட்டலுக்கோ தினமும் கீரை வேண்டும். மனுஷன் எதைத்தான் பார்ப்பான்?

போதாக்குறைக்கு ஓட்டலில் புதிதாக ஒன்று கேட்டார்கள். கீரையில் மருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று ஆய்வகச் சான்று வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்போம் என்றார்கள். செங்கல்பட்டில் இருந்த ஆய்வகமோ கீரையை அவனையே அறுத்து எடுத்துவரச் சொன்னது. திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். வீட்டுப் பாத்தியில் அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நிம்மதியில் வந்து படுத்தான்.

ஆய்வகத்து சகுந்தலா மேடம் போன் செய்தபோது அவன் குடிலில் குத்தவைத்து, சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தான். கீரையில் மருந்து, அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி எங்கோ போயிருக்கிறது என்றார்.

"மிஷினு ராங்கா காட்டுது மேடம். அந்தப் பாத்திக்கு நான் மருந்தே அடிக்கல."

சொன்ன பிறகுதான் உளறியது உறைத்தது. மேடத்துக்கு இது அலுத்துப்போன கதை போலும், கோபிக்கவில்லை. அந்தப் பாத்தி எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னான். மருந்தடிக்கும்போது விசிறி ஓடுமா என்றார். ஓடாமல்? அந்தப் புழுக்கத்தில் வேறெப்படி உள்ளே நிற்பது.

"அப்போ நீங்க அடிக்கிறது எல்லாம் காத்தோட போய் அங்கதான் படியுது. அந்தக் கீரையை யார் சாப்பிடறாங்க?"

போனை வைத்துவிட்டு, குழாயைப் போட்டது போட்டபடி வீட்டுக்குக் கிளம்பினான். விசிறி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவி பிரபா, குழைந்த சோற்றில் கீரையை மசித்துக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பல் முளைத்த நாளாகத் தினமும் இதே சாப்பாடு. நைனா உனக்காகவே மருந்தில்லாமல் வளர்க்கிறார் என்று சொல்லித்தான் ஒவ்வொரு வாயும் ஊட்டுவாள். ஜெகதீசன் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"இன்னாங்க, பாதியில புடுங்கறீங்க?"

கிண்ணத்தோடு சுவரோரமாக உட்கார்ந்தான். அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"வூட்டுப் பாத்தின்னு ஒண்ணு கெடையாது பிரபா. எல்லாம் ஒரே பாத்திதான். நாளைக்கு ஓட்டலுக்கும் அறுக்கல."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தை மட்டும் தவழ்ந்து வந்து, அவன் முட்டியைப் பிடித்து நின்றுகொண்டு, அடுத்த வாய்க்கு ஆவென்று திறந்தது.