அறுபது கிலோ அக்கா

தலை நிறைய முடி இருந்தும் வீட்டில் அவனுக்குப் பெயர் மொட்டை. வயது இருபத்துமூன்று. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. அக்கா வீட்டு முன்னறைச் சோபாவில் படுக்கை. ஊரை விட்டு வந்து இரண்டு வருடமாகியும் புது இடம் பழகவில்லை. ஒரு சின்ன விமானத்தையாவது தன் கையால் ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் அதையும் மீறி நின்றது.

போய்வரும் தூரத்தில் இரண்டு பயிற்சிப் பள்ளிகள். ஒன்றில் கட்டணம் மற்றதில் பாதி. அதிலேயே சேர்ந்துவிடலாம் என்று அவன் மனக்கோட்டை கட்ட, அக்கா குறுக்கே நின்றாள்.

"ரெண்டையும் பாத்துட்டுதான் சேரணும். நானும் ஒரு தடவ விமானத்துல பின்சீட்டுல ஏறி உக்காந்து பாப்பேன். அம்மாவுக்கு நாந்தானே பதில் சொல்லணும்?"

மலிவான பள்ளியின் பயிற்சியாளர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "வெயிட்டு எவ்வளவு?" என்றார். மொட்டை தன்னுடையதைச் சொன்னான். அக்கா கொஞ்சமும் கூசாமல், "அறுபது" என்றாள். மொட்டை இருமினான். அக்கா அவன் காலை மிதித்தாள். பயிற்சியாளர் அறுபது என்றே எழுதிக்கொண்டார். அதற்குள் மேகம் திரண்டுவிட, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் இன்னொரு பள்ளி. அங்கே கற்றுக்கொடுப்பது ஒரு பெண். அதே கேள்வி, அக்காவிடம் அதே அறுபது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மேசைக்கு அடியிலிருந்து எடை மெஷினை இழுத்துப் போட்டாள்.

அக்காவுக்கு முகம் சிவந்தது. "செருப்பக் கழட்டிடவா?"

"செருப்போடதானே ஏறப் போறீங்க? கைப்பையும் இருக்கட்டும்."

முள் எழுபத்தெட்டில் நின்றது.

"பை கனம்டா" என்று அக்கா முனகினாள்.

"ஆமா, பைக்குள்ள பதினெட்டு கிலோ" என்ற மொட்டைக்கு முதுகில் ஒன்று விழுந்தது.

அந்தப் பெண் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். "கோச்சுக்காதீங்க. இன்னிக்கு பெட்ரோல் டேங்க் நெறஞ்சிருக்கு. மூணு பேரும் ஏறினா தாங்காது. தம்பி மட்டும் வரட்டும். நீங்க பின்சீட்டுக்குக் கட்டின காசத் திருப்பித் தந்துடறேன்."

மொட்டை ஏறினான். அக்கா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, விமானம் கண்ணிலிருந்து மறையும்வரை அண்ணாந்து நின்றாள். திரும்பி இறங்கியவனுக்கு வாய் காதுவரை விரிந்திருந்தது. பிறகு கட்டணம் நினைவுக்கு வந்து முகம் வாடியது.

"அங்க இதுல பாதிதான்க்கா."

"அங்க வேணாம்டா."

"ஏன்?"

"நான் சொன்ன பொய்ய அப்படியே எழுதிக்கிட்டாங்க. உன்ன அவங்ககிட்ட எப்படிடா விடுவேன்?"

அவன் அக்காவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

பேருந்தில் அக்கா அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவளை அசைக்காமல் கைப்பேசியை வாயருகே பிடித்து, வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு மெல்லப் பேசினான். பேசப் பேசத் திரையில் அது எழுத்தாக ஓடியது:

"விலை கூடின இடத்துலதான் சேர்றேன். மாசத்துக்கு ஒரு வகுப்புதான் முடியும், அதனால ரொம்ப நாளாகும். ஆனா ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் சரிபார்த்துட்டுதான் ஏத்துவாங்க. அக்காவும் சரின்னுட்டா. இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், அம்மா பக்கத்துல உக்காந்து நிதானமா படிச்சுக் காட்டுங்க."